மரத்துப்போன விரல்களும் வேலூர் ரோடும்

போன மார்கழியில் ஒருநாள் எங்கள் வீட்டு வாசல் கோலம் கோணல்மாணலாக இருந்தது. சித்தி போட்டது. குத்தம்பாக்கத்தில் எங்கள் தெருவில் சித்தியின் கோலத்துக்கு ஒரு தனி மரியாதை உண்டு. இருபத்தோரு புள்ளி வைத்தாலும் ஒன்றுகூட வரிசை தப்பாது. அன்றைக்கு ஒரு இடத்தில் மாவு குவியலாகக் கிடந்தது, அடுத்த இடத்தில் கோடே இல்லை. "விரலுக்கு நடுவுல மாவு இருக்கா இல்லையான்னே தெரியலடா" என்றார்.

மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ முடித்து அப்போது நாலு மாதம். முடி திரும்ப முளைத்துவிட்டது, சாப்பாடு இறங்க ஆரம்பித்துவிட்டது, எல்லோரும் 'அப்பாடா' என்று மூச்சு விட்டிருந்தோம். விரல்களும் பாதமும் மட்டும் மதமதவென்று இருந்தன. ரவிக்கை ஊக்கைப் போட அம்மா உதவ வேண்டும். ஒருநாள் ஒரு கால் செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் கடை வரை நடந்து போய்விட்டு வந்தார். கீமோ கொடுத்த இடத்தில் கேட்டதற்கு "போகப் போகச் சரியாகிடும்" என்றதோடு சரி.

அப்புறம் தெரிந்தவர் ஒருவர் மூலம் ஒரு பிசியோதெரபி அக்காவைப் பார்த்தோம். அவர் மாத்திரை எதுவும் எழுதவில்லை. ஒரு கிண்ணத்தில் அரிசியைப் போட்டு, அதற்குள் பட்டனும் நாணயமும் புதைத்துத் தேடி எடுக்கச் சொன்னார். முதலில் பார்த்துக்கொண்டு, பிறகு கண்ணை மூடிக்கொண்டு. மடித்த போர்வை மேல் வெறுங்காலோடு நிற்க வேண்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். ராத்திரி படுக்கும் முன் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். கடைசியாக, "எம்.சி.ஆர். செருப்பு வாங்கிக் கொடுங்க" என்றார்.

பூந்தமல்லியில் செருப்பு வாங்கப் போனால் கடைக்காரர் "யாருக்குத் தம்பி சுகர்?" என்று கேட்டார். சுகர் இல்லை, கீமோ என்றதும் அவர் ஒரு மாதிரி பார்த்தார். இந்தச் செருப்பு எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்து இந்தப் பதிவு வரைக்கும் வந்துவிட்டேன். (நான் பி.காம். படிப்பவன். டெபிட், கிரெடிட் தாண்டிய விஷயம். பிழை இருந்தால் மருத்துவம் படிக்கும் நண்பர்கள் தயவுசெய்து திருத்தவும்.)

முதலில் கீமோவுக்கும் விரலுக்கும் என்ன சம்பந்தம்?

கால் கட்டைவிரலின் தொடு உணர்வைச் சுமக்கும் நரம்பு செல் இருக்கிறதே, அதன் உடல் பகுதி இடுப்புக்குப் பின்னால் முதுகெலும்பை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. அங்கிருந்து கட்டைவிரல் வரை ஒரே செல்லின் வால், ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். அந்த வாலுக்கு வேண்டிய புரதம் முதலான சரக்குகளில் பெரும்பங்கு மேலே தயாராகி, உள்ளே இருக்கும் மைக்ரோடியூப்யூல் என்கிற நுண்குழாய்கள் வழியாகத்தான் கீழே போகிறது. புற்றுசெல் இரண்டாகப் பிரியவும் அதே நுண்குழாய்கள்தான் தேவை. சித்திக்குக் கொடுத்த பேக்ளிடாக்ஸெல் அந்தக் குழாய்களைப் பிரிய விடாமல் இறுக்கிவிடும். புற்றுசெல் சாகிறது. கூடவே நரம்பின் சரக்குப் போக்குவரத்தும் தடுமாறுகிறது. யாருக்கு முதலில் பஞ்சம்? கடைமடைக்குத்தான். செம்பரம்பாக்கம் ஏரிப் பாசனத்தில் பயிர் செய்த தாத்தாவுக்கு இதை விளக்கவே வேண்டியிருக்காது. மேல்மடைக்காரன் வயல் பச்சையாக இருக்கும்போதே கடைமடைக்காரன் வயல் வெடித்திருக்கும். உடம்பின் கடைமடை கால்விரல், அடுத்தது கைவிரல்.

இது அபூர்வமான பக்கவிளைவும் இல்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2014ஆம் ஆண்டுத் தொகுப்பு ஒன்று, இப்படி நரம்பைப் பாதிக்கக்கூடிய கீமோ மருந்துகள் எடுத்தவர்களில் சிகிச்சை முடிந்த முதல் மாதத்தில் 68 சதவீதம் பேருக்கும், மூன்று மாதத்தில் 60 சதவீதம் பேருக்கும், ஆறு மாதத்துக்கு மேல் 30 சதவீதம் பேருக்கும் இந்தத் தொல்லை இருந்தது என்கிறது. 'போகப் போகச் சரியாகிடும்' என்பது பாதிப் பேருக்கு மேல் உண்மைதான். மீதிப் பேர்?

இந்த வகை மருந்துகளில் மூத்தது நம் தெருவிலேயே பூக்கிறது. நித்தியகல்யாணி! பட்டிப்பூ, சுடுகாட்டு மல்லி என்றெல்லாம் சொல்வார்களே, அதேதான். சொந்த ஊர் மடகாஸ்கர். 1952இல் ஜமைக்காவிலிருந்து ஒரு பொட்டலம் இலை கனடாவுக்குப் போனது. அங்கே சர்க்கரை நோய்க்கு அந்த இலையில் டீ போட்டுக் குடிக்கிறார்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ராபர்ட் நோபிள் என்கிற ஆராய்ச்சியாளர் சோதித்தார். சர்க்கரை குறையவில்லை, எலிகளின் வெள்ளையணுக்கள் குறைந்தன. வெள்ளையணு தாறுமாறாகப் பெருகுவதுதானே ரத்தப் புற்றுநோய்? அவரும் சார்லஸ் பீரும் அதிலிருந்து 1958இல் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார்கள். அதே செடியிலிருந்து வந்த வின்கிறிஸ்டினுக்கு அமெரிக்காவில் 1963இல் அனுமதி கிடைத்தது. நம் தென் மாவட்டங்களில் இதை மானாவாரியாகப் பயிர் செய்து இலையும் வேரும் ஏற்றுமதி செய்தார்கள்.

முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம் இந்தக் கதையில் பெருமையான இடத்தில் வருகிறது. 1984இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தோடு சேர்ந்து, குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு எம்.சி.பி. 841 என்ற சிகிச்சை முறையை அடையாறு, மும்பை டாடா, டெல்லி எய்ம்ஸ் மூன்று இடங்களிலும் கொண்டுவந்தார்கள். வின்கிறிஸ்டின் அதில் ஒரு முக்கிய மருந்து. பிழைப்பதே அதிசயம் என்று இருந்த நோயில் நிறையக் குழந்தைகள் பிழைக்க ஆரம்பித்தார்கள். அப்படியிருக்கும்போது 'கால் மதமதன்னு இருக்கு' என்ற புகார் யார் காதில் விழும்? அந்தக் காலத்து டாக்டர்களை நான் குறை சொல்ல மாட்டேன். முதலில் உயிர், அப்புறம்தான் விரல்.

ஆனால் உணர்வில்லாத விரலோடு ஒரு மனுஷன் எப்படி வாழ்வது என்ற கேள்விக்கு அப்போதே விடை இருந்தது. எங்கள் ஊர் ஓரமாகப் போகும் பெங்களூர் ஹைவேயில் நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே போனால் வேலூர். விடை அங்கே இருந்தது. புற்றுநோய் வார்டில் இல்லை, தொழுநோயாளிகளிடம்.

பால் பிராண்ட் பிறந்தது 1914இல், வளர்ந்தது கொல்லிமலையில். மிஷனரி பெற்றோர். படிக்க இங்கிலாந்து போனவர் முதலில் கற்றது தச்சு வேலை, கட்டட வேலை. அப்புறம்தான் மருத்துவம். (கைகளைப் பழுதுபார்க்கப் போகிறவருக்கு இதைவிட நல்ல அடிப்படைப் படிப்பு எது?) 1946 கடைசியில் வேலூர் சி.எம்.சி.க்கு அறுவை மருத்துவராக வந்தார். 1947இல் செங்கல்பட்டில் தொழுநோய் மருத்துவமனை நடத்திக்கொண்டிருந்த ராபர்ட் காக்ரேனைப் பார்க்கப் போனார். அங்கே வரிசையாக மடங்கிப்போன விரல்கள். ஏன் இப்படி மடங்குகிறது என்று அறுவை நிபுணர்கள் யாரும் ஒழுங்காக ஆராயவே இல்லை என்று காக்ரேன் கடிந்துகொண்டாராம்.

பிராண்ட் ஒரு நோயாளியின் கைக்குள் தன் கையைக் கொடுத்து, முடிந்த மட்டும் அழுத்துங்கள் என்றார். பலவீனமான பிடியாக இருக்கும் என்று நினைத்தவருக்கு வலி தாங்கவில்லை. நகம் பதிந்துவிட்டது! அந்த ஒரு நொடியில் அவருக்குப் புரிந்தது இதுதான்: கை செத்துப் போகவில்லை. உள்ளங்கையில் இருக்கும் சின்னச் சின்னத் தசைகளின் நரம்புதான் போயிருக்கிறது. முன்கையில் இருக்கும் பெரிய தசைகள் ஜோராக இருக்கின்றன. அப்படியானால் நன்றாக இருக்கும் ஒரு தசைநாணை எடுத்து, வேலை செய்யாத இடத்துக்கு வழிமாற்றி விடலாமே?

1948இல் வேலூரில் கையில் முதல் அறுவை நடந்தது. இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் கத்தியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அதற்கப்புறம் நடந்ததுதான் பெரிதாகத் தெரிகிறது. கட்டுப் பிரித்ததும் கை தானாக வேலை செய்யாது. இத்தனை வருஷம் விரலை மடக்கிக்கொண்டிருந்த தசை, இனிமேல் விரலை நீட்டும் வேலையில் பங்கெடுக்க வேண்டும். மூளைக்கு அது தெரியாது. விரலில் உணர்ச்சி இருந்தால் 'இப்போ சரியாக நகர்ந்தது' என்று விரலே சொல்லும். இவர்களுக்கு அதுவும் கிடையாது. அதனால் கண்ணால் பார்த்துப் பார்த்துப் பழக வேண்டும். அறுவைக்கு முன்பே விறைத்த விரல்களை எண்ணெய் போட்டு நீவி இளக்குவதும், பின்பு வாரக்கணக்கில் பயிற்சி கொடுப்பதும் இல்லாவிட்டால் அறுவையே வீண். தசைநாண் அறுவையில் கத்திக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு பயிற்சிக்கும் என்பது வேலூரில் சட்டமாகவே ஆனது.

பிறகு நவஜீவ நிலையம் தொடங்கினார்கள். அறுவை முடிந்தவர்கள் தங்கி, தச்சு வேலை பழகி, மரபொம்மை செய்யும் இடம். அங்கேதான் இரண்டாவது கண்டுபிடிப்பு. சரிசெய்த கைகளில் திரும்பத் திரும்பப் புண் வந்தது. தொழுநோய் சதையைத் தின்கிறது, விரல் தானாக உதிர்கிறது என்றுதான் அன்று ஊரே நம்பியது. பிராண்ட் நம்பவில்லை. ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றில் அவரால் சாவியைத் திருப்ப முடியவில்லை. ஒரு பையன் வந்து "நான் செய்கிறேன்" என்று திருப்பிவிட்டான். விரலிலிருந்து ரத்தம். சாவி எலும்பு வரை வெட்டியிருந்தது, பையனுக்குத் தெரியவே இல்லை. நமக்கெல்லாம் ஓரளவுக்கு மேல் அழுத்தினால் வலி 'போதும்' என்று நிறுத்திவிடும். அவனுக்கு நிறுத்த ஆள் இல்லை.

அதற்கப்புறம் ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினார்கள். சூடான பாத்திரம், கரடுமுரடான கைப்பிடி, செருப்பில் குத்திய ஆணி என்று எல்லாவற்றுக்கும் காரணம் கிடைத்தது. ராத்திரி படுக்கப் போகும்போது இருந்த விரல் காலையில் காணாமல் போனதற்கு மட்டும் கிடைக்கவில்லை. ராத்திரி காவல் இருந்து பார்த்தபோது, எலி கடித்துக்கொண்டிருந்தது. தூங்குகிறவருக்குத் தெரியவில்லை. தீர்வு? வீட்டுக்குப் போகும் நோயாளிகளுக்கு ஆளுக்கொரு பூனை :-) சிரிப்பு வந்தாலும், மருத்துவ வரலாற்றில் இவ்வளவு மலிவான, இவ்வளவு சரியான மருந்துச்சீட்டு இன்னொன்று இருக்குமா என்று தெரியவில்லை.

தினமும் கையையும் காலையும் பார், கண்ணைத் தோலின் வேலைக்கு அமர்த்து, விரலுக்குப் பயிற்சி கொடு, காலுக்கு மெத்தென்ற செருப்பு போடு. இந்த நாலும் அங்கே உருவான பாடங்கள். எம்.சி.ஆர். என்றால் மைக்ரோசெல்லுலார் ரப்பர், நுண்ணிய காற்றறைகள் கொண்ட ரப்பர். பாதத்தின் அழுத்தத்தைப் பரப்பிவிட எது சரியான அடித்தட்டு என்று வேலூரிலும் பக்கத்திலுள்ள கரிகிரி தொழுநோய் ஆராய்ச்சி மையத்திலும் (1955இல் திறந்தது) பலதையும் போட்டுப் பார்த்து வந்து சேர்ந்தது.

அதே வேலூரில் மேரி வர்கீஸ் என்ற இளம் மருத்துவர் 1954இல் ஒரு வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். பிராண்டிடம் பயின்று, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966இல் சி.எம்.சி.யில் மறுவாழ்வு மையம் திறந்ததற்கு அவர்தான் காரணம். அவரைப் பற்றித் தனிப் பதிவே போடலாம், போடுவேன்.

1966இல் பிராண்ட் அமெரிக்காவில் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே சர்க்கரை நோயாளிகளின் பாதப் புண்களைப் பார்த்தவர், இது நம் வேலூர் புண்ணேதான் என்றார். கிருமி வேறு, காரணம் வேறு. ஆனால் உணர்வில்லாத பாதம் படும் பாடு ஒன்றுதான். இன்று உலகம் பூராவும் சுகர் கிளினிக்குகளில் 'தினமும் பாதத்தைப் பாருங்கள்' என்று சொல்வதில் வேலூரின் பங்கு பெரிது. பூந்தமல்லி கடைக்காரர் "சுகரா?" என்று கேட்டதன் பூர்வ கதை இதுதான்.

தொழுநோயிலிருந்து சர்க்கரைக்குத் தாண்டிய பாடம் புற்றுநோய்க்கு ஏன் இத்தனை வருஷம் தாண்டவில்லை?

பயிற்சியால் பலன் உண்டு என்பது யாருக்கும் தெரியாத ரகசியம் ஒன்றும் இல்லை. 1880களிலேயே சுவிட்சர்லாந்தில் ஹைன்ரிஷ் ஃபிரெங்கல் என்ற மருத்துவர், முதுகுத்தண்டில் சிபிலிஸ் தாக்கித் தன் கைகால் எங்கே இருக்கிறதென்றே உணர முடியாத ஒரு நோயாளியிடம், விரலால் மூக்கைத் தொடச் சொல்லிப் பார்த்தார். முடியவில்லை. சில மாதம் கழித்து வந்த அதே ஆள் சரியாகத் தொட்டார். எப்படி என்றால், 'உங்கள் பரீட்சையில் பாஸ் ஆக வேண்டும் என்று வீட்டில் பிராக்டிஸ் பண்ணினேன்' என்றாராம்! இன்றும் பிசியோதெரபி படிப்பவர்கள் ஃபிரெங்கல் பயிற்சிகள் என்று படிக்கிறார்கள்.

(கொசுறு: இரண்டு நோயும் ஒரே மருந்துப் புட்டியில் சந்தித்தும் இருக்கின்றன. தாலிடோமைடு தூக்க மாத்திரை நரம்பைக் கெடுக்கிறது என்று 1960 டிசம்பரிலேயே ஒரு மருத்துவர் பிரிட்டிஷ் மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார். பிறகு, அது கருவையும் சிதைப்பது தெரிந்து ஒதுக்கப்பட்ட அந்த மருந்தை, ஜெருசலேமில் ஜேக்கப் ஷெஸ்கின் தொழுநோயாளிகளுக்குத் தூக்கத்துக்காகக் கொடுக்க, அவர்களின் கடுமையான தோல் எதிர்வினை அடங்கியது. 1990களின் கடைசியில் அதுவே மைலோமா என்ற புற்றுநோய்க்கு மருந்தானது. அங்கும் பக்கவிளைவு கைகால் மரத்துப்போவது.)

என் சிற்றறிவுக்குப் பட்ட காரணம், காமர்ஸ் மாணவன் கண்ணுக்குப் படும் காரணம்: அரிசிக் கிண்ணத்துக்குக் காப்புரிமை கிடையாது. மாத்திரை என்றால் சோதிக்க ஒரு கம்பெனி பணம் போடும், வருமானம் பார்க்கும். ஒற்றைக்காலில் நிற்பதை யார் விற்பது? இன்னொன்று, தொழுநோய் என்ற பெயர். புற்றுநோய் வந்தவரிடம் 'தொழுநோயாளிக்குக் கொடுத்த பயிற்சியைச் செய்யுங்கள்' என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? தொழுநோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று இந்தியா 2005 டிசம்பரில் அறிவித்தது. அதோடு அந்த அறிவும் பரணுக்குப் போனதோ என்னவோ.

மாத்திரைப் பக்கம் நிலைமை என்ன? அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல், இந்த நரம்புச் சேதத்தைத் தடுக்க என்று பரிந்துரைக்கத்தக்க மருந்து எதுவும் இல்லை என்றது. வந்த பிறகு, வலி இருந்தால் டுலோக்ஸிடின் என்ற ஒன்று மட்டும். பயிற்சி பலன் தரக்கூடும், பெரிய ஆய்வு வேண்டும் என்று ஒரு வரி.

ஆய்வுகள் தாமதமாகத்தான் வந்தன. 2014இல் ஜெர்மனியில் ஃபியோனா ஸ்ட்ரெக்மன் குழு 61 லிம்ஃபோமா நோயாளிகளோடு 36 வாரம் ஆய்வு நடத்தி, பயிற்சி செய்தவர்களுக்கு உணர்வும் சமநிலையும் மேம்பட்டதைக் காட்டியது. 2018இல் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் 355 பேர். கீமோ நடக்கும்போதே ஆறு வாரம் நடையும் ரப்பர் பேண்டு இழுப்பதும்தான் பயிற்சி. செய்தவர்களுக்கு மரத்துப்போவதும் சுருக்கென்று குத்துவதும் குறைவு. 2024இல் ஸ்ட்ரெக்மன் குழுவின் பெரிய ஆய்வு வந்தது. ஆக்ஸாலிபிளாட்டின் அல்லது நம் நித்தியகல்யாணி வகை மருந்து எடுக்கும் 158 பேர். கீமோவோடு கூடவே வாரம் இரண்டு தடவை, ஒரு தடவைக்குக் கால் மணி முதல் அரை மணி. ஆடும் பலகையில், மெத்தென்ற தரையில், ஒற்றைக்காலில் என்று சமநிலைப் பயிற்சி. எதுவும் கூடுதலாகச் செய்யாதவர்களில் 70.6 சதவீதம் பேருக்கு நரம்புச் சேதம் வந்தது. பயிற்சி செய்தவர்களில் 30 சதவீதம். அதிர்வுப் பலகையில் நின்ற இன்னொரு குழுவில் 41.2.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வேலூர் பயிற்சியும் இதுவும் ஒன்றேதான் என்று நான் சொல்ல வரவில்லை. தொழுநோயில் கிருமியும் அதை எதிர்க்கும் உடம்பின் அழற்சியும் சேர்ந்து நரம்பைக் கெடுக்கின்றன, தசையும் செயலிழக்கிறது. போன உணர்வை வேலூர் திருப்பிக் கொண்டுவரவில்லை. இருப்பதை வைத்து வாழக் கற்றுக்கொடுத்தது. கீமோ ஆய்வுகள் காட்டுவது வேறு, முன்கூட்டியே ஆரம்பித்தால் சேதத்தையே குறைக்கலாம் என்பது. அந்தக் குழுவுக்குக் கீமோவோடு கூடவே பயிற்சி. சித்திக்கு யாராவது முதல் டோஸுக்கு முன்பே அந்த அரிசிக் கிண்ணத்தைக் கொடுத்திருந்தால்... இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. நூறு கிலோமீட்டர் தூரம்தானே!

(யாராவது வீட்டில் கீமோ நடந்துகொண்டிருந்தால் இதைப் படித்துவிட்டு ஒற்றைக்காலில் நிற்கச் சொல்லிவிடாதீர்கள். ரத்த அணு குறைவு, எலும்பில் பரவியது என்று விழுந்தால் ஆபத்தாகும் காரணங்கள் நிறைய. டாக்டரையும் பிசியோவையும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஆனால் கேளுங்கள், அவர்களாகச் சொல்லாமல் போகலாம்.)

சித்தி இப்போது ஒன்பது புள்ளிக் கோலம் வரை வந்திருக்கிறார். விரலைப் பார்த்துக்கொண்டே போடுகிறார். முன்பெல்லாம் எங்களோடு பேசிக்கொண்டே போடுவார். கண்ணை மூடிக்கொண்டு அரிசிக்குள் தேடினால் ஐந்து ரூபாய் நாணயம் தட்டுப்படுகிறது, பட்டன் இன்னும் தட்டுப்படவில்லை. பின்தெருவில் ஒரு அக்காவுக்கு அடுத்த மாதம் கீமோ ஆரம்பிக்கிறார்கள். நேற்று சித்தி எம்.சி.ஆர். செருப்பை மாட்டிக்கொண்டு, கிண்ணத்தில் அரிசியும் அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து நாலு பட்டனும் போட்டு எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார்.